சவரிமுத்துவின் பழைய கிட்டார்

தூத்துக்குடியில் ஜெனோவா என்று ஒரு கிட்டார் டீச்சர் இருந்தாள். வயது இருபத்தாறு. அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் சவரிமுத்து. உப்பு மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ அவருடையது. வயது நாற்பத்தொன்பது. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

கோயில் பாடல் குழுவில் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாசிக்க அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்குச் சத்தம் கூடுதலாக வரும் கிட்டார் வேண்டும். பழையதை விற்றால்தான் அதை வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை முகம் வாடி வந்தார்.

"டீச்சர், பழைய கிட்டாரை என்ன சொல்லி விக்கணும்?"

"ஏன், யாரும் வரலையா?"

"காலேஜ் பையன் ஒருத்தன் வந்தான். வாசிச்சுப் பாத்தான். விரல் வழுக்குதுன்னு வச்சுட்டுப் போயிட்டான்."

டீச்சர் கிட்டாரை வாங்கினாள். கண்ணாடி மாதிரி மின்னியது. மோந்து பார்த்தாள்.

"என்ன தடவுனீங்க அண்ணே?"

"டேஷ்போர்டுக்குப் போடுற பாலிஷ்தான். வண்டி விக்கும்போது அதைத்தான போடுவோம்."

"கம்பிக்குக் கீழேயுமா?"

"அங்கதான் டீச்சர் ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. ரெண்டு தடவை போட்டேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஒரு பழைய துணியை நீட்டினாள்.

"துடைங்க."

அரை மணி நேரம் துடைத்தார். கம்பிக்குக் கீழே கறுப்புச் சாயம் போன இடங்கள் மறுபடி தெரிந்தன. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. வெளுத்து, லேசாகக் குழிந்து.

"பாருங்க டீச்சர். ஆட்டோ ஸ்டாண்டுல கேலி பண்ணுதாங்க. 'என்ன சவரி, கிட்டாரைக் கறையான் தின்னுட்டா?'ன்னு கேக்காங்க."

"இருக்கட்டும். மூடாதீங்க" என்றாள் டீச்சர்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கிட்டாரைப் பார்க்க டீச்சர் வீட்டுக்கு வேலம்மாள் வந்தாள். தபால் ஆபீஸில் வேலை.

"யாருக்கும்மா கிட்டார்? பிள்ளைக்கா?" என்றார் சவரிமுத்து.

"எனக்குத்தான்" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தவள், வெளுத்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னங்க இப்படி இருக்கு?"

சவரிமுத்து டீச்சரைப் பார்த்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க அண்ணே" என்றாள் டீச்சர்.

வாங்கி வாசித்தார். மாதாவுக்கு ஒரு பாட்டு. விரல்கள் அந்த இடங்களுக்குத் தானாகவே போயின. ஒரு குழியில் இருந்து இன்னொரு குழிக்கு. பாட்டு முடியும்போது விரல் போகாத குழி என்று ஒன்றும் மிச்சமில்லை.

"எல்லாம் உங்க விரல் பட்டுத்தானா?"

"ஆமாம்மா. நாலு வருஷம். மூட்டை ஏத்தி முடியிற வரைக்கும் வண்டியிலேயே உக்காந்து வாசிப்பேன். மூணாவது கம்பி மட்டும் கொஞ்சம் இரையும். அழுத்திப் பிடிக்கணும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேலம்மாள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், உண்மையைச் சொல்லணும். எனக்கு நாப்பத்தாறு முடிஞ்சாச்சு. இனிமே எனக்கு இப்படி வாசிக்க வருமா? வரும்னா எடுத்துக்கிடுதேன். வராதுன்னா எனக்கு எதுக்கு?"

டீச்சர் தன் நாற்காலியை விட்டு எழுந்தாள். அதைச் சவரிமுத்து பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"நான் ஆறு வயசுல கத்துக்கிட்டவ. எனக்கு என்ன தெரியும்? அண்ணன் நாப்பத்தஞ்சுல ஆரம்பிச்சவரு. அவருகிட்ட கேளுங்க."

சவரிமுத்து அந்த நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தார்.

"நான் என்ன சொல்ல டீச்சர்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணே. இடது கையைக் காட்டுங்க."

நீட்டினார். உப்பில் வெடித்த உள்ளங்கை. நாலு விரல் நுனியிலும் காய்ப்பு.

வேலம்மாள் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். தன் விரல்களையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"கிட்டாருக்கு உறை இருக்குங்களா?" என்றாள்.

டீச்சர்தான் உள்ளே போய் எடுத்து வந்தாள். சவரிமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.