பின்னால் வந்த காலடி

எப்பெயரிட்டு அழைத்தாலும் தன்னையே அழைத்ததாகக் கொள்ளும் பேரருள் முன்னிற்க.

மலைச்சரிவில் இருந்த ஒரு தியான இல்லத்தில், சமயம் பாராது பலரும் கூடி, உலக அமைதி வேண்டி ஒரு வாரம் மௌனம் காத்தனர். வழிநடத்தியவர் சகோதரி ரெஜினாள். அங்கு வந்திருந்த வைத்தமாநிதி நாள்தோறும் பாசுரம் ஓதும் வைணவர். சகோதரியினும் வயதில் மூத்தவர். ஆயினும் மௌனம் பயில வந்த இடத்தில் அவரையே ஆசானாகக் கொண்டார்.

முதல் நாளே எல்லாருடைய கைப்பேசிகளையும் சகோதரி வாங்கி வைத்துக்கொண்டார். துயரச் செய்தி ஏதும் வந்தால் மட்டும், உரியவரின் பின்னே வந்து தோளைத் தொடுவதாகச் சொன்னார். தொடப்பட்டவர் ஓசையின்றி எழுந்து வெளியே வரவேண்டும். அதுவே அங்கத்திய வழக்கம்.

வைத்தமாநிதிக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தவர் மீரான் சாகிபு. மௌனம் தொடங்குமுன் அவர் இவர் பக்கம் சாய்ந்து, "வாயை மூடிக்கொள்வேன் சாமி. குறட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை" என்றார். வைத்தமாநிதி சிரித்தார். அதன்பின் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய ஒரே மகன், போர் நடக்கும் தூரதேசத்தில் செவிலியர் பணியில் இருந்தான். அவ்வூரில் குண்டு விழாத நாளில்லை. கண்ணை மூடினால் மகன் முகம். திறந்தால் சகோதரியின் நடை. அவர் சன்னலைச் சாத்த வந்தாலும், விளக்கைத் தூண்ட வந்தாலும் இவருக்குத் தோள் கூசியது. நாவுக்குள் உருட்டிய பாசுரம் பாதியில் அறுந்தது.

ஒரு நாள் காலை அந்தக் காலடி இவர் வரிசைக்குள் திரும்பியது. நெருங்கியது. முதுகுக்குப் பின்னே வந்து நின்றது.

சகோதரியின் கை மீரான் சாகிபின் தோளைத் தொட்டது.

அப்பாடா, என் மகன் இல்லை என்று இவர் நெஞ்சு குளிர்ந்தது. மறுகணமே அந்தக் குளிர்ச்சி இவரைச் சுட்டது. மீரான் சாகிபு தரையில் கையூன்றி எழுந்து போவதை நிமிர்ந்து பார்க்கவும் இயலவில்லை.

நெடுநேரம் கழித்துச் சகோதரி வாசலில் தென்பட்டார். வைத்தமாநிதி ஓடிச்சென்று மௌனத்தை முறித்தார்.

"சிஸ்டர், பாய் வீட்டில் என்ன?"

"அவர் தம்பி தவறிவிட்டாராம், ஐயா. வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு வருகிறேன்."

"நீங்கள் அவர் தோளைத் தொட்டீர்கள். நான் மகிழ்ந்தேன். இத்தனை ஆண்டு ஓதிய வாய் இது. இனி எந்த முகத்தோடு அமைதி வேண்டி அங்கே உட்காருவேன்?"

சகோதரி வண்டி போன பாதையைக் காட்டினார்.

"வண்டிக்குள் ஒரு காலை வைத்தவர் திரும்பினார், ஐயா. 'பக்கத்தில் இருக்கிற சாமி, வந்ததிலிருந்து உங்கள் காலடிக்கு நடுங்குகிறார். அவர் வீட்டுச் செய்தி ஒன்றும் இல்லையென்று போய்ச் சொல்லிவிடுங்கள் அம்மா' என்றார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வைத்தமாநிதி உள்ளே சென்று, மீரான் சாகிபு விட்டுப்போன இடத்தருகே மீண்டும் அமர்ந்தார்.

இதைக் கேட்டவர் இல்லத்துக்கு நற்செய்தியே வருக. அவர் அயலார் இல்லத்துக்கும் அதுவே வருக.