ஆம்பளை கேக்கக்கூடாத கதை

ஒரு ஊர்ல தாணுன்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்கு என்ன வேலை தெரியுமா? கதை பிடிக்கிற வேலை. ஊர் ஊராப் போய், பொம்பளைங்க சொல்ற கதை, பாடுற பாட்டு எல்லாத்தையும் ஒரு சின்னப் பெட்டியில பதிஞ்சுக்கிட்டு வருவான். டவுன்ல பழைய கதை, பாட்டெல்லாம் சேத்து வைக்கிற ஒரு காப்பகம். அங்க பீரோவுல வச்சுட்டா, நூறு வருஷம் ஆனாலும் போய்க் கேக்கலாம். ம் சொல்லு.

அப்போ அவனுக்கு ஒரு சேதி வந்துது. வாய்க்கால் கரையில பிச்சம்மைன்னு ஒரு ஆச்சி. செவ்வாய்க்கிழமை விரதத்துக்கு ஒரு கதை சொல்லுவா. முழுசாத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். வாயில இருக்குறதோ நாலே பல்லு. அதையும் வர்ற வெள்ளிக்கிழமை பிடுங்கப் போறாங்களாம். பல்லு போச்சுன்னா கதை வெறும் காத்துதான். புஸ்ஸு!

அந்தச் செவ்வாய்க்கிழமையே லொங்கு லொங்குன்னு ஓடினான் தாணு.

"ஆச்சி, உங்க கதை வேணும்."

"சொல்றேன் மக்கா. ஆனா இதை ஆம்பளை கேக்கக்கூடாது. கேட்டுட்டா சொன்னது சொல்லாததுக்குச் சமம். விரதத்துக்கு அவிச்ச கொழுக்கட்டையெல்லாம் வாய்க்கால்லதான் கொட்டணும்."

"நான் போயிடுறேன். பெட்டி கேக்கட்டும்."

பக்கத்து வீட்டு செல்லத்தங்கம் விடுவாளா? "பெட்டி ஆம்பளையா, பொம்பளையா?"

தாணு பொத்தானை அமுக்கினான். "பதிவு தொடங்குகிறது"ன்னு பெட்டி கட்டைக் குரல்ல சொல்லுச்சு.

"ஐயய்யோ, ஆம்பளை!"

அப்புறம் தாணு என்னத்தையோ திருகினான். இப்போ குரல் கீச்சுன்னு வந்துது. அப்பவும் செல்லத்தங்கத்துக்கு மனசு ஆறல. பெட்டிக்குப் பாவாடை கட்டினா, பொட்டு வச்சா, ஒரு முழம் பூவும் வச்சா. பெட்டி கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு.

"சரி தம்பி, வீட்டுல இருக்குற ஆம்பளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போ"ன்னா.

யார் யாரு? ஒரு தவழுற பயல், ஒரு கிடா, ஒரு சேவல். பயல் இடுப்புல, கிடா கயித்துல, சேவல் கக்கத்துல. அப்படியே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனான். பயல் சர்ர்ருன்னு சட்டையில ஒண்ணுக்குப் போனான். "அடேய்!"ன்னு தாணு குனிஞ்சான். கிடா வேட்டி நுனியைக் கரக் கரக்குன்னு தின்னுச்சு. "ஏய்!"ன்னு திரும்பினான். சேவல் படபடபடன்னு பறந்துடுச்சு. எங்க? நேரா ஆச்சி வீட்டுக்குத்தான்!

தூங்கிட்டியா? ம் கொட்டுடா.

தாணு வாய்க்கால்ல கால் வச்சான். வச்ச காலை எடுத்தான். போனா கதை அவன் காதுல விழும். போகாட்டி சேவல் காதுல விழும். வச்சான், எடுத்தான். சளப், சளப். கடைசியில காதைப் பொத்திக்கிட்டு அங்கயே உக்காந்துட்டான்.

அப்புறம் செல்லத்தங்கம் கையை ஆட்டிக் கூப்பிட்டா. தாணு பயலையும் கிடாவையும் கூட்டிக்கிட்டு வந்தான். கதை முடிஞ்சுது. விரதத்துக்கு வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் சிரிச்ச முகம். ஆச்சி கொழுக்கட்டைப் பானையைத் திறக்கப் போனா. அப்போ பரண் மேலருந்து,

"கொக்கரக்கோ!"

எல்லாரும் தாணுவைப் பாத்தாங்க.

"இது எப்போ வந்துது?"ன்னா செல்லத்தங்கம்.

"அப்பவே வந்துடுச்சு..."ன்னு இழுத்தான் தாணு.

"அழி பெட்டியை! கொட்டு கொழுக்கட்டையை!"ன்னு குதிச்சா செல்லத்தங்கம்.

தாணுவுக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆச்சிக்குப் பல்லு ஏது?

"இருங்கடி"ன்னா ஆச்சி. "ஆம்பளை கேக்கக்கூடாதுன்னு எதுக்கு வச்சாங்க? கேட்டதும் கடைத்தெருவுல போய்த் தப்புத் தப்பாச் சொல்லுவான்னுதானே? ஏ சேவலே, இப்போ கேட்ட கதையைச் சொல்லு பாப்போம்."

சேவல் கழுத்தை நீட்டுச்சு. றெக்கையை அடிச்சுது. மூச்சை இழுத்துது.

"கொக்கரக்கோ!"

"பாத்தீங்களா? ஒண்ணும் மண்டையில ஏறல. விரதம் கெடல." ஆச்சி நாலு பல்லும் தெரியச் சிரிச்சா. கொழுக்கட்டை தப்பிச்சுது. பெட்டியும் தப்பிச்சுது.

வெள்ளிக்கிழமை பல்லு போச்சு. கதை மட்டும் காப்பகத்துப் பீரோவுல பாவாடையும் பொட்டுமா உக்காந்திருக்கு. "பெண்கள் மட்டும் கேட்கவும்"னு தாணு எழுதி ஒட்டியிருக்கான். தினமும் தூசி தட்டுவான். காதை மட்டும் வைக்க மாட்டான்.

என்ன கதைன்னா கேக்குற? எனக்கெப்படிடா தெரியும், நானும் உன்னை மாதிரி ஆம்பளைதானே! விடியக்காலம் சேவல் கத்துதுல்ல? அது இன்னும் அந்தக் கதையைத்தான் சொல்லிப் பாக்குது. உனக்குப் புரிஞ்சா எனக்கும் சொல்லு.

இப்போ கதை பீரோவுக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. தூங்குடா ராசா.