முயல் தூக்காத மட்டை

ஒரு காட்டில், மலைச்சரிவு இறங்கி வந்து மூச்சு வாங்குகிற இடத்தில், பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் கோல்ஃப் ஆடும் மைதானம். அவர்கள் அடிக்கும் வெள்ளைப் பந்துகளில் சில வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் உருண்டு வந்துவிடும். மனிதர்கள் கொஞ்ச நேரம் தேடுவார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், வேறு பந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தப் பந்துகளை வைத்து மிருகங்களும் ஆடக் கற்றுக்கொண்டன, குழந்தைகளே! நுனி வளைந்த மரக்கிளைதான் மட்டை. கரடி நகத்தால் தோண்டிய பள்ளம்தான் குழி. குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளியவர் ஜெயித்தவர். ஜெயித்தவருக்கு அந்த மழைக்காலம் முழுக்கச் சுனை ஓரத்துப் பாறை சொந்தம்.

கரடிதான் நடுவர். அது ஆடாது. நியாயம் என்றால் மட்டும் அதற்கு உயிர்.

கரடி வைத்த விதிகள் இரண்டே இரண்டு. பந்து விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், அது சேறானாலும் சரி, முள்ளானாலும் சரி. மைதானத்தில் இருக்கும் யாரையும் யாரும் தின்னக் கூடாது.

விதியை மாற்றவும் ஒரு வழி இருந்தது. ஆடுகிறவர்கள் எல்லோரும் மட்டையை மேலே தூக்கினால் கரடி தரையில் ஓங்கி ஓர் அறை விடும். புது விதி வந்தாயிற்று. ஒரே ஒரு மட்டை கீழே கிடந்தாலும் பழைய விதிதான்.

ஆடுகிறவர்களில் நரிக்குத்தான் விதிகள் மேல் ரொம்ப அக்கறை.

பந்து சேற்றில் விழுந்த அன்று அது சொன்னது: "கரடி மாமா, காலம் மாறுது. விதியும் மாற வேண்டாமா? சேறு பட்ட பந்தைத் துடைத்துக்கொள்ளலாம் என்று வையுங்களேன்."

மட்டைகள் உயர்ந்தன. கரடி அறைந்தது.

பந்து தண்ணீரில் விழுந்த அன்றும் அதே பேச்சுதான். "காலம் மாறுது மாமா. தண்ணீரில் விழுந்ததைக் கரையில் எடுத்து வைத்து அடிக்கலாமே!" மறுபடி மட்டைகள் உயர்ந்தன.

அப்புறம் ஒருநாள் நரி ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தது.

"மாமா, மைதானத்தில் யாரையும் தின்னக் கூடாது என்கிறோம். மைனா வந்து வெட்டுக்கிளியைக் கொத்திக்கொண்டு போகிறதே! தினமும் விதி மீறல்! ஆடுகிறவர்களை மட்டும் தின்னக் கூடாது என்று மாற்றிவிட்டால் யாருக்கும் பாவம் இல்லை."

கரடி யோசித்தது. மைனா கொத்துவது உண்மைதான். மட்டைகள் உயர்ந்தன, கரடி அறைந்தது. குழி ஓரத்தில் சும்மா உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் தவளையை மறுநாள் காணவில்லை.

ஒவ்வொரு தடவையும் உயர்ந்த மட்டைகளில் சாமை என்னும் முயலின் மட்டையும் ஒன்று. சாமைக்கு எல்லாவற்றுக்கும் பயம். இலை விழுந்தால் பயம், இலை விழாவிட்டால் ஏன் விழவில்லை என்று பயம். உட்கார்ந்திருக்கும்போதுகூட அதன் பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருக்கும். "சாமை பக்கத்தில் நின்றால் குளிர்காலம் வந்த மாதிரி இருக்கு!" என்று மந்தி கேலி செய்யும். மந்தி என்றால் அந்தக் கூட்டத்தில் ஆடும் பெண் குரங்கு. அதன் வாய் ஓயவே ஓயாது.

நன்றாக அடிக்கவும் தெரியாத முயல் எதற்கு ஆட வந்தது? மட்டை பிடித்தவரை நரி தொடாது. அதற்காகத்தான்.

ஆனால் சாமைக்கு இரண்டு குட்டிகள் இருந்தன. ஒன்று தினை, ஒன்று வரகு. பிறந்து கொஞ்ச நாள்தான். அவற்றுக்கு ஏது மட்டை? அதனால் மைதானத்தின் ஓரத்தில், எலுமிச்சம்புல் அடர்ந்து கிடந்த ஒரு புதருக்குள் அவற்றைப் படுக்க வைத்திருந்தது. அந்தப் புல்லின் வாசனையில் குட்டி வாசனை அமுங்கிவிடும். எந்தப் பந்தும் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"என்ன சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது. அம்மா தரையைத் தட்டினால் மட்டும்தான் எழுந்து வர வேண்டும்" என்று தினமும் சொல்லும். சொல்லிவிட்டுப் போன பிறகும் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

பாறைக்கான கடைசி ஆட்டம் வந்தது. நரியும் மந்தியும் சமமாக இருந்தன. சாமை வழக்கம்போல ரொம்பப் பின்னால். நரி மட்டையைச் சுழற்றி அடித்தது. அந்த நேரம் பார்த்து முதுகுப் பக்கமிருந்து ஒரு காற்று. பந்து எழும்பியது, வளைந்தது, வளைந்துகொண்டே போய் எலுமிச்சம்புல் புதருக்குள் பொத்தென்று விழுந்தது.

சாமைக்கு உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது.

நரி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புதரை நோக்கி நடந்தது. காற்று நரியிடமிருந்து புதர்ப் பக்கம் வீசியதால் அதற்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் புல்லை விலக்கினால் தெரிந்துவிடும்.

ஓடிப் போய்ப் புதரை மறைத்துக்கொண்டு நிற்கலாமா? நின்றால் உள்ளே என்ன என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். போகாதீர்கள் என்று சொல்லலாமா? சொன்னால் ஏன் என்று நரி கேட்கும். நரியிடம் 'போகாதே' என்றால் அது கட்டாயம் போகும். அப்படியானால் 'போ' என்றால்?

"நரி அண்ணா!" என்று சாமை கத்தியது. "விடாதீங்க! நேரே உள்ளே போங்க! அங்கே இருந்துதான் அடிக்கணும்!"

மந்தி வாயில் போட்ட பழத்தை மெல்ல மறந்துவிட்டது. "அட, முயலுக்குத் தொண்டை இருக்கா?"

நரி நின்று திரும்பியது. "என்ன தங்கச்சி, திடீரென்று வீரம்?"

"வீரம் இல்லை அண்ணா, விதி. விழுந்த இடத்தில்தானே அடிக்கணும்? அந்தப் புல் முகத்தைக் கீறும். உள்ளே மட்டையைச் சுழற்ற இடம் கிடையாது. பந்து வெளியே வர எத்தனை அடி ஆகுமோ! இன்றைக்காவது நீங்கள் விதிப்படி ஆடுவதைக் கண் குளிரப் பார்க்கணும்."

"நானும் பார்க்கணும்!" என்று மந்தி குதித்தது. "பாறை எனக்குத்தான்!"

நரி புதரைப் பார்த்தது. புல் கத்தி மாதிரிதான் இருந்தது. மந்தியைப் பார்த்தது. மந்தி இப்போதே பாறையில் உட்கார்ந்துவிட்ட மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தது. நரி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தது.

"கரடி மாமா, காலம் மாறுது."

சாமை தலையைக் குனிந்துகொண்டது. கண்ணில் தெரிவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே!

"புல் முகத்தைக் கிழித்தால் நாளைக்கு ஆட ஆள் வேண்டாமா?" என்றது நரி. "இந்த மாதிரிப் புதரில் விழுந்த பந்தை விட்டுவிட்டு, வெளியே நல்ல புல்லில் வேறு பந்து வைத்து அடிக்கலாம் என்று மாற்றுவோம். எல்லோருக்கும்தானே நல்லது?"

"ஆமாம், இப்போ உனக்கு, அப்புறம் எல்லோருக்கும்!" என்று மந்தி முணுமுணுத்தது. ஆனாலும் அதன் பந்தும் ஒருநாள் அங்கே விழலாமே! யோசித்து மட்டையைத் தூக்கியது.

சாமை தூக்கவில்லை.

"தங்கச்சி?" நரியின் குரலில் தேன் வழிந்தது. "எப்பவும் முதல் மட்டை உன்னுடையதுதானே?"

"தூக்குகிறேன் அண்ணா. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம்." சாமை கரடியைப் பார்த்துப் பேசியது, நரியைப் பார்த்தால் குரல் போய்விடும். "மாமா, வெளியே வைத்து அடித்தபிறகு ஒருவர் சும்மா உள்ளே போய்ப் புல்லை மிதித்து வழி பண்ணி வைத்தால்? இன்னொரு நாள் பந்து விழும்போது, 'இது புதரே இல்லை, வழிதான்' என்று உள்ளேயிருந்தே அடிப்பார். இரண்டு பக்கமும் லாபம். அது நியாயமா?"

"நியாயம் இல்லை" என்றது கரடி உடனே.

"அப்போ வெளியே வைத்து அடிக்கலாம் என்றால், அந்தப் புதருக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போதும் கூடாது, முடிந்த பிறகும் கூடாது. அதையும் சேர்த்தால் என் மட்டை மேலே."

கரடி சாமையை உற்றுப் பார்த்தது. "யாரும் என்றால் நீயும்தானே?"

தினையும் வரகும் பசியோடு படுத்திருக்கின்றன. மாலையில் சாமை உள்ளே போய்த்தான் பால் கொடுக்கும்.

"நானும்தான் மாமா."

நரிக்குச் சிரிப்பு வந்தது. பயந்த முயல் என்னமோ பெரிதாகக் கேட்கும் என்று நினைத்தால், கேட்டது ஒரு புதர்! அங்கே யார் போகப் போகிறார்கள்? "சரி, சரி, சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவசரமாக மட்டையைத் தூக்கியது. சாமையும் தூக்கியது. கரடி தரையில் அறைந்த அறையில் சுனைத் தண்ணீர் ததும்பியது.

நரி நல்ல புல்லில் பந்தை வைத்து அடித்தது. பந்து நேரே குழிக்குள் போயிற்று. ஜெயித்தது நரிதான், குழந்தைகளே. பாறை மேல் ஏறி உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டுக்கொண்டது.

வெயில் சாய்ந்தது. காற்று திரும்பியது. இப்போது புதரிலிருந்து பாறைப் பக்கம் வீசியது. எலுமிச்சம்புல் வாசனைக்கு அடியில் இளசாக வேறு ஏதோ ஒரு வாசனை.

நரியின் மூக்கு விரிந்தது. காது நிமிர்ந்தது. அது சாமையைப் பார்த்தது. சாமையின் கால்கள் நடுங்குவதைப் பார்த்தது. புரிந்துவிட்டது.

"அடி கள்ளி!" என்று பாறையிலிருந்து குதித்தது. நாலே பாய்ச்சலில் புதர் வாசலுக்கு வந்துவிட்டது.

அங்கே கரடி நின்றுகொண்டிருந்தது.

"எங்கே போகிறாய்?"

"பந்து, மாமா. என் பந்து உள்ளே கிடக்கிறதே!"

"கிடக்கட்டும். யாரும் கால் வைக்கக் கூடாது."

"ஆட்டம்தான் முடிந்துவிட்டதே!"

"முடிந்த பிறகும் கூடாது. நீதானே மட்டையைத் தூக்கினாய்?"

நரி பல்லைக் கடித்தது. பிறகு சட்டென்று இனிமையாகச் சிரித்தது. "தப்புதான் மாமா. அவசரத்தில் வைத்த விதி. காலம் மாறுது பாருங்கள். மாற்றிவிடுவோம்."

"மாற்றலாம். மட்டைகள் உயரட்டும்" என்றது கரடி.

நரியின் மட்டை உயர்ந்தது. மந்தியின் மட்டையும் பழக்கத்தில் பாதி உயர்ந்தது. அப்போதுதான் புல் இடுக்கில் ஒரு குட்டிக் காது அதன் கண்ணில் பட்டது. மந்தி ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒன்றும் பேசவில்லை. மட்டையை மெல்லக் கீழே வைத்தது.

சாமையின் மட்டை புல்லில் கிடந்தது.

"தங்கச்சி, மட்டையைத் தூக்கு!" நரி உறுமியது.

"மாட்டேன் அண்ணா."

"உன் காலைப் பார், எப்படி நடுங்குது!"

"அது எப்பவும் நடுங்கும் அண்ணா. நடுங்கட்டும். தூக்க மாட்டேன்."

கரடி கொட்டாவி விட்டது. "விதி மாறவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்."

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குத் திரும்பியது. சுனைப் பாறை அதற்குத்தான் சொந்தம், அதில் யாரும் தகராறு செய்யவில்லை. அன்று இரவு முழுக்க அது காலி வயிற்றோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

சாமை புதரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. உள்ளே கால் வைக்கவில்லை. விளிம்பில் நின்று பின்னங்காலால் தரையைத் தட்டியது. புல் அசைந்தது. முதலில் தினை வந்தது. அதன் பின்னால், ஒரு வெள்ளைப் பந்தை மூக்கால் உருட்டிக்கொண்டு வரகு வந்தது.

"அம்மா, இது வானத்திலிருந்து விழுந்தது. நாங்கள் அசையவே இல்லை" என்றது.

சாமை இரண்டையும் அணைத்துக்கொண்டு பால் கொடுத்தது. கொஞ்ச தூரத்தில், "இங்கேதான் காற்று நன்றாக வருகிறது" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு, கரடி நரிக்கும் புதருக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. குட்டிகளுக்கு மலையேற வலு வரும்வரை தினமும் மாலையில் அதே இடத்தில்தான் காற்று வாங்கியது.

நீதி: கால் நடுங்கினாலும் புத்தி நடுங்காதிருந்தால் ஆபத்திலிருந்து மீளலாம்.