கரண்டி பிடிச்ச மொதலாளி

ஒரு ஊர்ல ஒரு மொதலாளி இருந்தாராம்னு சொல்ல மாட்டேன், இருப்பாராம். ஏன்னா இந்தக் கதை நடக்கிற ஊரு இனிமேதான் வரணும். வந்துட்டதா வெச்சுக்குவோம், என்ன? ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

ம். சமத்து.

அவரு பேரு தனகோடி. தீப்பெட்டி ஆபீஸ் வெச்சிருந்தாரு. தினமும் நாற்காலியில சாஞ்சு உக்காந்து மணியை அடிப்பாரு, டிங்! உடனே காப்பி வரும். டிங்! விசிறி வரும். ஒருநாள் காலையில டிங்குனு அடிச்சாரு, ஒண்ணும் வரல. டிங் டிங் டிங்! ம்ஹூம். எட்டிப் பாத்தா ஆபீஸ்ல ஈ, காக்கா இல்ல. வேலை பாத்த அத்தனை பேரும் மலைக்கு அந்தப் பக்கம் போயி, தாங்களே ஒரு ஊரு கட்டிக்கிட்டாங்க.

மனுஷனுக்குச் சுடுதண்ணி கூட வெக்கத் தெரியாது. வயிறு கடமுடா கடமுடான்னுது. "எல்லாப் பயலுகளையும் இழுத்துட்டு வந்து மறுபடி உக்கார வெக்கிறேன் பாரு"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தஸ்ஸு புஸ்ஸுன்னு மலையேறுனாரு.

அங்க போனா, ஊருக்கே ஒரே சமையக்கட்டு. பெரிய அண்டாவுல சாம்பார் தளதளன்னு கொதிக்குது. அவரு ஆபீஸ்ல தீப்பெட்டி ஒட்டின பொண்ணு சகாயம்தான் முன்னாடி வந்துச்சு. "வாங்க அண்ணாச்சி, சாப்பிடுங்க."

அண்ணாச்சியாமே! இவருக்குப் பொசுக்குனு கோவம் வந்துருச்சு. மொதல்ல இந்த ஊருக்கு மேல நாம ஏறி உக்காரணும், அப்புறம் ஒவ்வொருத்தரா ஓட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சாரு.

"இன்னையிலேர்ந்து இங்கயும் நான்தான் மொதலாளி!"

"ஆகட்டும். மொதலாளின்னா என்ன வேலை செய்வீங்க?"ன்னு கேட்டுச்சு சகாயம்.

"மேலேர்ந்து பாத்துக்குவேன்."

"அப்பாடா! மாடியில வத்தல் காயுது, பாத்துக்க ஆளில்லாம இருந்துச்சு"ன்னு கையில ஒரு குச்சியைக் குடுத்து மாடிக்கு ஏத்திட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஹூஷ்! ஹூஷ்! காக்கா கா கான்னு அவரைச் சுத்துது, அவரு காக்காவைச் சுத்துறாரு. பாவம், மண்டையெல்லாம் வெயிலு.

தூங்கிட்டியா? ம்? சரி, சரி.

அப்புறம் அவரு ஒரு தந்திரம் பண்ணாரு. முடி வெட்டுற இஸ்மாயிலு காதுல போயி, "என் பக்கம் வந்துரு, உன்னை மேனேஜர் ஆக்குறேன்"னு குசுகுசுன்னாரு. அந்தாளு, "நல்ல விஷயமா இருக்கே, கூட்டத்துல சொல்லணும்"னு ஓடிட்டாரு. அந்த ஊர்ல எல்லாத்துக்கும் கூட்டம். சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்திரிக்காயான்னு பொழுது சாயற வரைக்கும் பேசுவாங்க, சண்டையும் போடுவாங்க. கேக்குற நமக்கே கொட்டாவி வரும். அன்னைக்கும் காச்சு மூச்சுன்னு கத்தி, கடைசியில எல்லாரும் மேனேஜரா ஆயிக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. விடிஞ்சதும் மேனேஜருங்க எல்லாம் களையெடுக்கப் போயிட்டாங்க. மேனேஜர் ஒருத்தரு சாணி அள்ளுனாரு.

அப்போ தனகோடி நல்லா யோசிச்சாரு. இந்த ஊரு பிடி எங்க இருக்கு? கரண்டியில இருக்கு! சோறு போடுற ஆளைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பாங்க. இவரு, "சீட்டெல்லாம் வேணாம், கரண்டியை எங்கிட்டக் குடுங்க"ன்னாரு. உடனே படபடன்னு ஒரே கைதட்டு! எல்லாரும் தப்பிக்கப் பாக்குற வேலை அது, அன்னைக்குச் சீட்டு சகாயத்துக்கு விழுந்திருந்துச்சு. கரண்டியை அவரு கையில திணிச்சுட்டு ஒரு குதி குதிச்சுது.

பந்தி உக்காந்துச்சு. இவரு ஒவ்வொரு இலையா குனிஞ்சு, "ஆபீஸுக்குத் திரும்பி வர்றியா? வந்தா ரெண்டு வடை, இலை நெறைய சோறு. இல்லேன்னா அரைக் கரண்டிதான்."

"வர்றோம் அண்ணாச்சி!"

அடுத்த இலை. "வர்றோம்!" அடுத்தது. "ஓ, வர்றோமே!"

மனுஷனுக்குத் தலைகால் புரியல. சளக் சளக்குனு அள்ளி அள்ளிப் போட்டாரு. கடைசி இலை அவரோடது. கரண்டியை விட்டாரு. கடங்! இன்னொரு தடவ விட்டாரு. கடங்! சோத்து அண்டா காலி, வடைத்தட்டும் காலி. பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வருது.

நிமுந்து பாத்தா யாரும் சாப்பிடல. சோறு ஆவி பறக்குது, ஒருத்தரும் கை வெக்கல. அந்த ஊர்ல அப்படி ஒரு பழக்கம். பரிமாறுறவங்க இலையிலயும் சோறு விழுந்தாத்தான் மத்தவங்க சாப்பிடுவாங்க.

சகாயம் எந்திரிச்சு வந்து, தன் இலையிலேர்ந்து ரெண்டு கை சோத்தை அவரு இலையில வெச்சுது. அப்புறம் இஸ்மாயிலு ஒரு வடை. அப்புறம் ஒவ்வொருத்தரா, பொத்து பொத்துன்னு. இலை மலை மாதிரி ஆயிருச்சு.

தனகோடி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "உங்களை இழுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"தெரியும் அண்ணாச்சி. சாப்பிடுங்க, நாங்களும் பசியில இருக்கோம்."

ஒரு வாய் வெச்சாரு. ருசின்னா அப்படி ஒரு ருசி. "ஏன் சகாயம், ஆபீஸ்ல நீங்கள்லாம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?"

"உக்காரறதா? வலது கையால வாயில போட்டுக்கிட்டு, நின்னுக்கிட்டே எடது கையால பெட்டியை எடுத்து வெப்போம்."

"இத்தனை வருஷம் நான் பாக்கவே இல்லயே."

"நீங்க அந்தப் பக்கம் வந்ததே இல்லயே."

அவரு அள்ளுன சோத்தைத் திரும்ப இலையிலயே வெச்சுட்டாரு. கண்ணு கலங்கிப் போச்சு. எனக்குக்கூட இந்த இடம் வந்தா என்னமோ பண்ணும். அப்புறம் மெதுவா கேட்டாரு, "அப்போ நீங்க யாரும் திரும்பி வர மாட்டீங்க, இல்ல?"

"நாங்க ஏன் வரணும்? நீங்கதான் வந்துட்டீங்களே"ன்னுது சகாயம்.

எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சாங்க. தேங்கா நாரும் சாம்பலும் எங்க இருக்குன்னு அவரே கேட்டு வாங்கிக்கிட்டு அண்டாவுக்குள்ள இறங்கிட்டாரு. பாதி அழுக்கு அப்படியே இருந்துச்சு, மொத தடவ பாரு. சர்ரக், சர்ரக், சர்ரக்...

ம்? ம் சத்தமே காணோம். அண்டாவைக் கவுத்தாச்சு, கதையையும் கவுத்தாச்சு. கண்ணை மூடு ராசாத்தி.