பிந்தி விழுந்த தாழ்ப்பாள்

ஒரு போனுக்குள்ளே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா நீங்கள்?

வெளியே இருந்து பார்த்தால் உள்ளங்கை அகலக் கண்ணாடி. உள்ளே போனால் ஒரு தெருவே இருக்கும். படம் பிடிக்கிறவன் ஒருத்தன், பாட்டுப் பாடுகிறவள் ஒருத்தி, விடிந்ததும் கத்தி எழுப்பித் திட்டு வாங்குகிற அலாரம் ஒன்று. அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். மேகலாவின் போனிலும் அப்படித்தான் எல்லோரும் குடியிருந்தார்கள்.

மேகலாவும் அவள் கணவன் பூபதியும் இருந்தது ஒரு காம்பவுண்டில். ஐந்து வீடு, ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய். முன்வீட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவி வசந்தாமணியும். அவர்கள் சுவரில் பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு வைஃபைப் பெட்டி தொங்கியது. ஐந்து வீட்டுக்கும் அதுதான் நெட். குழாய்த் தண்ணீர் மாதிரி அதுவும் பொது.

மேகலாவின் போனில் ஓயாமல் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் பிரவுசர். கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து காட்டுவது அவர் வேலை. ஆனால் எந்தப் பக்கம் எங்கே குடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாம்தான் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். இணையத்தில் கதவுக்குக் கதவு வெறும் எண்தான் எழுதியிருக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஓடிப்போய்க் கேட்டு வருகிறவன்தான் இரண்டாவது ஆள். அவன் பெயர் வழிகேட்பான்.

ஓட்டமென்றால் ஓட்டம், கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடுவான். ஒரே ஒரு குறை, அவனுக்கு மெதுவாகப் பேச வராது. வாசலைத் தாண்டும்போதே சத்தம் ஆரம்பித்துவிடும்.

"சமையல் பக்கத்துக்கு வழி எதுங்க? பஸ் டிக்கெட்டுப் பக்கம் எங்கீங்க இருக்குது?"

முதலில் எதிர்ப்படுவது வைஃபைப் பெட்டி. அது கேட்டுக்கொண்டு மேலே அனுப்பும். மேலே இருப்பவர்கள் இன்னும் மேலே அனுப்புவார்கள். வழியில் நிற்கிற அத்தனை காதிலும் விழுந்த பிறகுதான் பதில் வரும்.

அந்தப் போனில் அமைப்புகள் என்று ஒரு சந்து உண்டு. மேகலா அந்தச் சந்துக்குள் நுழைவதே எழுத்தைப் பெரிசாக்குவதற்கும் சத்தத்தைக் குறைப்பதற்கும்தான். கடைசிவரை போனதில்லை. கடைசியில் ஒரு தாழ்ப்பாள் கிடந்தது. 'தனிப்பட்ட டி.என்.எஸ்.' என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. வழிகேட்பானின் தொழிலுக்கு இங்கிலீஷில் வைத்த பெயர்தான் டி.என்.எஸ். போன் வாங்கிய நாளிலிருந்து அதன்மேல் ஒரு விரல் பட்டதில்லை.

ஒருநாள் தாழ்ப்பாள் வழிகேட்பானைக் கூப்பிட்டது.

"ஏப்பா, இத்தனை சத்தமாவா கேக்கறது? எப்படியாவது அந்தப் பொண்ணை இந்தச் சந்துக்குக் கூட்டிட்டு வா. நம்பிக்கையான ஒரு வழிகாட்டியோட பேரை எனக்குள்ள எழுதச் சொல்லு. எழுதிட்டா நீ கேக்கறது அவர் காதுக்கு மட்டும்தான் போகும். நடுவுல நிக்கறவனுக்கு முணுமுணுப்புகூடக் கேக்காது."

"அப்ப அந்த வழிகாட்டிக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் ஆளைப் பாத்து எழுதோணும்ங்கறேன். யாருக்குமே தெரியாம வழி கேக்க முடியுமா? ஊருக்கே தெரியறதுக்கு ஒருத்தருக்குத் தெரியறது தேவலைதானே?"

வழிகேட்பானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு நீ கேள்விப்பட்டதில்லையா? நான் என்ன களவாணி வேலையா பண்றேன்? பருப்புருண்டைக் குழம்புக்கு வழி கேக்கறேன். அதைக் காதோட காதா கேக்கணுமாக்கும்!"

"இன்னிக்குக் குழம்பு. நாளைக்கு?"

"நாளைக்கு ரசம்!" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

தாழ்ப்பாள் மறுபடி கூப்பிடவில்லை. யாராவது விரல் வைத்தால்தானே அது நகர முடியும்?

மேகலாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

இது இரண்டாம் தடவை. முதல் தடவை, தெரிந்த அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். காம்பவுண்டே வாய் இனித்துப்போனது. அடுத்த மாதமே கரு கலைந்துவிட்டது. அது ஒரு துக்கம். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய துக்கம். குழாயடியில் ஒருத்தி, கடையில் ஒருத்தி, கல்யாண மண்டபத்தில் ஒருத்தி, "எத்தனாவது மாசம்?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "இல்லைங்க, நிக்கலை" என்று மேகலா சொல்வாள். ஒரு தடவை போனதை வாயால் சொல்லிச் சொல்லியே பல தடவை பறிகொடுத்தாள்.

அதனால் இந்தத் தடவை புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்தார்கள்.

"மூணு மாசம் முடியட்டும் மேகலா. அதுவரைக்கும் உன் வாயும் என் வாயும் பூட்டு" என்றான் பூபதி.

"எங்கம்மாகிட்டக்கூடவா மாமா?"

"உங்கம்மாகிட்டச் சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி."

மேகலா சிரித்துவிட்டுச் சரி என்றாள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பழக்கமும்தான். போன தடவை சந்தோஷத்தில் அதை மறந்திருந்தாள்.

ஒரு மத்தியானம் அவளுக்கு அடிவயிறு லேசாக இழுத்துப் பிடித்தது. இது வழக்கம்தானா, பயப்பட வேண்டியதா? யாரைக் கேட்பது? யாரைக் கேட்டாலும் விஷயம் தெரிந்துவிடும். போனைக் கேட்கலாம் என்று எடுத்தாள். அவள் சிம்மில் இருந்த நெட்டை முந்தின நாளே பூபதி கிரிக்கெட் பார்த்துத் தீர்த்திருந்தான். சரி, வைஃபை இருக்கிறதே.

விவரமில்லாமல் ஒன்றும் அவள் தொடங்கவில்லை. பிரவுசரில் பார்த்ததெல்லாம் பதியாமல் போகிற மறைவு ஜன்னல் ஒன்று உண்டு. அதைத்தான் திறந்தாள். பிரவுசரும் கறுப்புப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பயப்படாதே தாயி. நீ ஜன்னலைச் சாத்தினதும் நான் எல்லாத்தையும் மறந்துருவேன். சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் மறக்கத்தான் செய்வார். ஆனால் வழி கேட்க அவர் போவதில்லையே.

"டேய், கர்ப்பிணிகளுக்கான பக்கம். ஓடு" என்றார்.

வழிகேட்பான் முதல் தடவையாக வாசற்படியில் நின்றான்.

"அண்ணே, எனக்கு ஒரு போர்வை கிடையாதா?"

"போர்வை எனக்கு மட்டும்தான்."

"அப்ப இதையும் கத்தித்தான் கேக்கணுமா?"

"உனக்கு வேற எப்படிக் கேக்கத் தெரியும்?"

வேறு எப்படியும் தெரியாது. சந்துக் கடைசியில் கிடந்த தாழ்ப்பாளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். உள்ளே மேகலா அவசரமாகத் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடினான்.

"கர்ப்பிணிப் பொண்ணுங்க பக்கத்துக்கு வழி எதுங்க? மேகலா போன்ல இருந்து வர்றேனுங்க!"

பெட்டியின் பச்சைக் கண் ஒரு கணம் சிமிட்ட மறந்தது.

பெட்டிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. யார் என்ன கேட்டார்கள் என்று வீட்டுக்காரர் போனுக்குச் சொல்வது அதன் வழக்கம். நெட் ஏன் இழுக்கிறது, எந்தக் குடித்தனம் அதிகம் தின்கிறது என்று சாப்பிட்டு முடித்ததும் பார்ப்பது வீட்டுக்காரரின் வழக்கம். அன்றைக்கும் பார்த்தார்.

"ஏ வசந்தா, இந்த மேகலாப் புள்ளை கர்ப்பிணிக்கு எழுதினதையெல்லாம் பாக்குதே, என்னவாம்?"

வசந்தாமணி மாவுக் கையோடு ஓடி வந்தாள். "நெசமாவா? கடவுள் கண்ணைத் தொறந்துட்டாருங்க!"

மறுநாள் காலை குழாயடியில் மேகலா குடத்தை இடுப்பில் வைக்கப் போனாள். வசந்தாமணி எட்டிப் பிடுங்கினாள்.

"அம்மிணி, வெய்யி கீழ. நீ தூக்கப்படாது."

"ஏனுங்க்கா?"

"ஏனாம்ல! எங்ககிட்டயே மறைப்பியா நீ?"

பக்கத்து வீட்டுக்காரி சேர்ந்துகொண்டாள். "கமுக்கமா இருந்து காரியம் பாக்கறா பாருக்கா! இனிமே அவ குடத்தைப் பூபதி தூக்கட்டும். கிரிக்கெட்டு பாத்துப் பாத்து உடம்பு வளத்தியிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். மேகலா மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க்கா சொன்னது?"

"யாரு சொல்லோணும்? எங்க வீட்டுக்காரர் போன்ல காட்டுச்சு. நல்ல சேதியப் பொத்தி வெக்க முடியுமா சாமி?"

மத்தியானத்துக்குள் பூக்காரிக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் யாரோ ஆசையாக மேகலாவின் அம்மாவுக்கே போன் போட்டு வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே மகளைக் கூப்பிட்டாள்.

"ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா கண்ணு?"



பூபதி வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டான். யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. போன் ரிப்பேர் பார்க்கும் கூட்டாளியைக் கூப்பிட்டு விசாரித்தான். அவன் சொல்லச் சொல்ல, பூபதி மேகலாவின் போனை எடுத்து அமைப்புகள் சந்துக்குள் நுழைந்தான். நெட்வொர்க் என்ற திருப்பத்தில் திரும்பி, கடைசிவரை போனான். தாழ்ப்பாளைத் தொட்டான். கூட்டாளி சொன்ன வழிகாட்டியின் பெயரை எழுதினான். சேமித்தான். போட்டு வைத்த டீகூட இன்னும் ஆறவில்லை.

"இவ்வளவுதானா மாமா?" என்றாள் மேகலா.

"இவ்வளவுதான்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போனுக்குள்ளே 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது. வழிகேட்பான் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான்.

"திட்டு. நீ திட்டறதுக்குத்தான் வந்தேன்."

"நான் திட்டி என்ன ஆகப்போகுது?" என்றது தாழ்ப்பாள். "நேத்து விழுந்திருந்தா நான் தாழ்ப்பாள். இன்னிக்கு வெறும் இரும்புத் துண்டு. போ, இனிமேலாவது மெதுவாப் பேசு."

அன்றிலிருந்து வழிகேட்பான் கேட்பதெல்லாம் ஒட்டிய உறைக்குள் போயிற்று. வைஃபைப் பெட்டிக்குப் பொழுதே போகவில்லை. "என்னப்பா, ஒண்ணுமே வெளங்கலையே. கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டுத்தான் போயேன்" என்று கெஞ்சிப் பார்த்தது. அவன் நிற்காமல் போனான்.

சில வாரம் போயிருக்கும். வசந்தாமணி நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். மேகலா பிரவுசரைத் திறந்தாள். இரத்தம் பட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். பிரவுசர் வழிகேட்பானைப் பார்த்தார்.

அவன் ஓடிய ஓட்டத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வழிகாட்டியின் காதோடு கேட்டான், பதிலோடு வந்தான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று பக்கம் சொன்னது. பூபதி ஆட்டோ பிடித்து வந்தான். போனார்கள். பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். மேகலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காம்பவுண்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக் குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. யாரோ குக்கர் வைத்திருந்தார்கள்.

வழிகேட்பானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியிடம் போய் நின்றான்.

"அன்னிக்கு வீட்டுக்காரர்கிட்டச் சொன்னியே, அதே மாதிரி இதையும் போய்ச் சொல்லிடேன். அவளே சொல்ற மாதிரி ஆகிடக் கூடாது."

"எதைச் சொல்றது? எனக்குத்தான் ஒண்ணுமே கேக்கலையே" என்றது பெட்டி. அது உண்மைதான்.

வழிகேட்பான் திரும்பி வந்து தாழ்ப்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லதை ஊரு கேக்கக் கத்தினேன். கெட்டதைக் காதோட சொல்லிட்டு வந்தேன். ஊருக்குப் பாதிதான் தெரியும். மீதியை யாரு சொல்றது?"

"மேகலாதான்" என்றது தாழ்ப்பாள். "பழையபடி."

மறுநாள் வசந்தாமணி கல்யாண வீட்டிலிருந்து வந்துவிட்டாள். வந்த கையோடு தூக்குப்போசி நிறையப் புளிச்சோற்றோடு மேகலா வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"கல்யாணத்துல வெச்சு எங்க சொந்தம் பூராவுக்கும் சொல்லிட்டேன், எங்க வீட்டுக் குடித்தனப் புள்ளை முழுகாம இருக்குதுன்னு. ஆளாளுக்கு ஒரு பக்குவம் சொல்லியுட்டிருக்காங்க. கை நெறைய வளையல் நான்தான் போடுவேன், இப்பவே சொல்லிப்போட்டேன்... அம்மிணி? ஏன் படுத்திருக்கே?"

மேகலா எழுந்து உட்கார்ந்தாள்.

"நிக்கலைங்க்கா."

வசந்தாமணி தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பச் சாமி? எங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"நேத்துங்க்கா."

வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் வாய்தான் கண்ணு. இந்த வாயைத்தான் தைக்கோணும்."

மேகலா அவள் கையைப் பிடித்து இறக்கினாள். "சந்தோஷத்துலதானேக்கா சொன்னீங்க. எனக்குத் தெரியும்."

"நான் என்ன பண்ணட்டும்? சொல்லு, என்ன வேணும்னாலும் பண்றேன்."

மேகலா யோசித்தாள்.

"யார் யார்கிட்டச் சொன்னீங்களோ, அவங்க எல்லார்கிட்டயும் இதையும் நீங்களே போய்ச் சொல்லிருங்கக்கா. எங்கம்மாகிட்ட மட்டும் யாரையும் சொல்ல விட்றாதீங்க. அதை நான் சொல்லிக்கறேன்."