உச்சிவேளைக் காலடி

முன்னொரு காலத்தில் செந்நாவல்பட்டினத்தை வல்லபேந்திரன் என்றொரு ராஜா ஆண்டார். வாளுக்கு அஞ்சமாட்டார், வதந்திக்கு நடுநடுங்கிப் போவார்!

அந்த வருஷம் ஊருக்குள் பேய் புகுந்தது. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. முறம் அகலத்துக்குக் காலடிகள் மட்டும், வெட்ட வெயிலில், தெருப்புழுதியில் பதிந்து கிடக்கும். தளவாய் விருபாட்சன், "பேயின் காலடிதான், அரசே" என்று ராஜாவின் காதில் ஓதினார். உடனே தண்டோரா: "உச்சிவேளையில் கதவைச் சாத்துங்கள்! காலடி விழுந்த தெருவை மூன்றே நாளில் காலி செய்யுங்கள்!" நட்டநடுப் பகலில் ஊர் மூச்சடங்கிக் கிடந்தது.

ஒருநாள் நெசவாளர் தெருவிலும் காலடி விழுந்தது. தறியைப் பிடுங்கிக்கொண்டு எங்கே போவது? அந்தத் தெரு நெசவுக்காரி வேம்பாயி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கஞ்சி போட்ட பாவு நூலைத் தெருநீளம் விரித்தபடியே விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே ஓடியிருந்தார்கள். காலடிகள் அதை ஒட்டி ஓரமாகவே போயிருந்தன. ஓரிழைகூட அறுந்திருக்கவில்லை.

"அடி ஆத்தி! நூலு அறுந்துடும்னு ஒதுங்கிப் போற பேயா?" என்றாள். தளவாயின் தோட்டம் இந்தத் தெருவை ஒட்டித்தான் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் உச்சியில் தளவாய் வாசலிலேயே காலடி! ராஜா உதறலோடு வந்து சேர்ந்தார். "தளவாயே, வீட்டைக் காலி செய்யும்!"

விருபாட்சன் விழுந்து விழுந்து சிரித்தார். "பேயாவது பிசாசாவது! எவனோ செய்த குறும்பு, அரசே."

வேம்பாயி முன்னே வந்து கும்பிட்டாள். "மகாராஜா, ஊரே நடுங்குது, நீங்களும் நடுங்குறீங்க. இவரு மட்டும் எப்படிச் சிரிக்கிறாரு? இந்தக் காலடியை வச்சது நான். மத்ததை வச்சது யாரு?"

சிரிப்பு நின்றது. காவலர்கள் தளவாய் வீட்டுப் பரணைச் சோதித்தார்கள். மரத்தில் செதுக்கிய இரண்டு பாதங்கள் கிடைத்தன.

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "என் பயத்தை வைத்தே என் ஊரைப் பிடுங்கப் பார்த்தீரே!" என்றவர், வேம்பாயியிடம் திரும்பினார். "என்ன வேண்டும், கேளம்மா."

"எங்க தறி இருந்த இடத்திலேயே இருக்கணும். பேய் இல்லைன்னு இவரே தெருத்தெருவாப் பறையடிச்சுச் சொல்லணும்."

மறுநாள் உச்சிவேளையில் விருபாட்சன் தனியே பறையடித்துக்கொண்டு வந்தார். "பேய் இல்லை! நான் சொன்னது பொய்!"

ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். "பேய்தான் தளவாய் குரல்ல கூப்பிடுது. அசையாதே."

பறை சட்டென்று நின்றது. தளவாய் ஓடினார், கதவு கதவாகத் தட்டினார். "திறங்கய்யா! பின்னாடி யாரோ வர்றாங்க!"

வேம்பாயி வீட்டுக் கதவையும் தட்டினார். எல்லாம் தெரிந்தவள்தான். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். வெளியே இன்னொரு காலடிச் சத்தம் கேட்டாற்போல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.