செவலை தின்ற குழம்பு

"நான் ஊருக்குப் போறனுங்க, தாயி" என்றார் சென்னியப்பன்.

வேலம்மை கிழிந்த துண்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த ஊருக்குங்கண்ணா?"

"மகன் ஊட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றான்."

"எதுக்கு?"

"பத்தியத்துக்குங்க. பிச்சை எடுத்துத் திங்கறவனுக்கு இங்க ஏதுங்க பத்தியம்?"

வேலம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"செவலையைப் பாருங்க" என்றாள்.

செவலை மடத்து நாய். படித்துறையில் வெயில் காய்ந்தபடி மல்லாந்து கிடந்தது. வயிறு பானை மாதிரி உருண்டிருந்தது.

"நீங்க எளைச்சுட்டே போறீங்க. அது பெருத்துட்டே போகுது. என்ன வித்தைங்கண்ணா இது?"

சென்னியப்பன் தலை குனிந்துகொண்டார்.

அந்த ஆற்றங்கரை மடத்துக்கு வேலம்மைதான் குரு. ஊரார் அவளை அம்மை என்பார்கள். சீடர் சென்னியப்பன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளைத் தாயி என்பார். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

மடத்துக்கு ஒரே ஒரு விதி. காலையில் திருவோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போக வேண்டும். ஆளுக்கு ஒரு வாசல். போட்டதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். வேண்டும் என்றும் சொல்லக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. அம்மை வாய் திறந்து ஒரு பருக்கை கேட்டதை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இந்த விதி சென்னியப்பனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. காவி கட்டுவதற்கு முன்னால் அவர் சந்தைப்பேட்டையில் மெஸ் நடத்தியவர். மிளகாய் அரைத்து ஊற்றிய அவருடைய கோழிக் குழம்புக்காக லாரிக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டு வருவார்கள். ஊருக்கெல்லாம் பரிமாறிய கை அது. யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை. மனைவி போன பிறகு மெஸ்ஸை விட்டார், வீட்டை விட்டார். வீறாப்பை மட்டும் விடவில்லை, அதற்கும் ஒரு காவியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

போன மாதம் அவருக்கு வயிறு தீயாய் எரிந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையில் புண்.

மிளகாய் கூடாது. புளி கூடாது. ஊறுகாய், காப்பி எதுவும் கூடாது. கஞ்சியும் மோரும் வேகவைத்த காயுமாகக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும், பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்த சென்னியப்பன், ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். இந்த வயசில் குழம்புக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. அதற்காக அழுகை நிற்கவில்லை.

ஊருக்குள் அவர் பிச்சைக்கு நிற்கிற வாசல் பூவாத்தாவுடையது. பேர் போன மெஸ்காரர் நம் வாசலுக்கு வருகிறாரே என்று அவளுக்கு அத்தனை பெருமை. தினமும் அம்மியில் மிளகாய் அரைத்து அவருக்கென்றே ஒரு குழம்பு வைப்பாள். சோற்றில் ஊற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டுவார். அவளுக்கு அது போதும்.

வயிறு கெட்ட பிறகும் அவர் தலையை ஆட்டினார். படித்துறைக்கு வந்து, குழம்பு படாத சோற்றை நாலு வாய் தின்றுவிட்டு மீதியைச் செவலை முன்னால் கவிழ்த்தார். அது தின்றுவிட்டு எரிச்சல் தாங்காமல் ஆற்றுத் தண்ணீரை நக்கி நக்கிக் குடிக்கும். மறுநாளும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

"கேட்டுப் பாருங்களேன்" என்றாள் வேலம்மை.

"என்னத்தைங்க?"

"கஞ்சியை."

சென்னியப்பன் நிமிர்ந்தார். "விதி இருக்குதுங்களே, தாயி."

"இருக்குது."

"நீங்களே இதுவரைக்கும் கேட்டதில்லைங்களே."

"இல்லை."

"அப்பறம் நான் எப்படிங்க கேப்பேன்? போட்டதைத் திங்கலாம். போடாட்டிப் பட்டினி கிடக்கலாம். அது வேண்டாம், இது குடுன்னு ஒருத்தர் வாசல்ல நிக்கறதுக்கு உசுரு போனாலும் பரவாயில்லைங்க."

"போயிரும்" என்றாள் அவள்.

ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இங்கிருந்து போறதுக்கு ஆசைங்களாண்ணா?"

சென்னியப்பன் ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"இல்லைங்க. இந்தப் படித்துறையை உட்டா எனக்கு வேற எடமில்லைங்க, தாயி."

வேலம்மை துண்டை மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை அவர் ஓட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவளும் கூடவே கிளம்பினாள். தன் வாசலுக்குப் போகாமல் அவர் வாசலுக்கே வந்தாள்.

வெளியே வந்த பூவாத்தா திகைத்துப்போனாள்.

"அம்மையும் வந்திருக்கீங்களா!"

வேலம்மை ஓட்டை நீட்டினாள்.

"பூவாத்தா, எனக்குக் கொஞ்சம் கஞ்சி வேணும்."

கேட்டுப் பழகாத குரல். நடுவில் ஒருமுறை உடைந்தது.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மை வாய் திறந்து கேட்டுட்டீங்களா!" என்று பூவாத்தா உள்ளே ஓடினாள். அவசரத்தில் ஏதோ ஒரு சட்டி உருண்டது. கஞ்சியைக் கொண்டுவந்து ஓடு நிறைய ஊற்றினாள்.

பிறகு அவரிடம் திரும்பினாள். கையில் குழம்புச் சட்டி. வறுத்த மல்லியும் மிளகாயும் தேங்காயும் சேர்ந்த வாசம். சென்னியப்பனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"இது உங்களுதுங்க, சாமி. இன்னிக்கு மிளகாய் ரெண்டு கூடவே வெச்சு அரைச்சேன்."

அவர் வேலம்மையைப் பார்த்தார்.

அவள் தன் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் ஓட்டைப் பின்னுக்கு இழுத்தார்.

"எனக்கும்…"

எச்சிலை விழுங்கினார்.

"எனக்கும் கஞ்சி வேணும், அம்மிணி. வயித்துல புண்ணு."

"எத்தனை நாளாங்க?"

"ஒரு மாசமா."

"அப்ப நான் ஊத்துன குழம்பெல்லாம்?"

"நாய்க்குப் போட்டேன்."

பூவாத்தா சட்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது.

"ஒரு மாசமா கையெரிய அரைச்சிருக்கறனுங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லியிருக்கோணும்."

"தலையை வேற ஆட்டுனீங்களே!"

"ஆட்டுனேன்."

அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. இரண்டு கையிலும் ஓட்டைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

பூவாத்தா அதைப் பார்த்தாள். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்றே சென்னியப்பன் நினைத்தார்.

கஞ்சியோடு வந்தாள். ஊதி ஊதி ஆற்றியபடியே கேட்டாள்.

"உப்புப் போடலாமுங்களா?"

"ஒரு கல்லு."

"மோரு?"

"புளிக்காம இருந்தா."

"நாளைக்குச் சுரைக்காய் வேக வெக்கட்டுங்களா?"

இத்தனை வருஷம் அந்த வாசலில் நின்றிருக்கிறார். அவளோடு பேசியது இன்றைக்குத்தான்.

"வையி, அம்மிணி" என்றார்.

படித்துறையில் செவலை வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. சென்னியப்பன் அதற்கு ஒரு கை கஞ்சி வைத்தார். அது முகர்ந்து பார்த்தது. அவரையும் ஒரு பார்வை பார்த்தது. தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

வேலம்மை வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்காக விதியை உட்டுட்டீங்களே, தாயி."

"ஆறிப் போகுது. குடிங்கண்ணா."

குடித்தார். சப்பென்றுதான் இருந்தது, அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை வழித்துக் குடித்தார்.

"வெள்ளிக்கிழமை மகன் வர்றாரே" என்றாள் வேலம்மை. "என்ன சொல்லப் போறீங்க?"

சென்னியப்பன் ஓட்டை ஆற்றில் அலசினார். வெயில் பட்ட படியில் கவிழ்த்து வைத்தார்.

"வரட்டுங்க, தாயி. பூவாத்தாகிட்ட அவனுக்கும் கொஞ்சம் கஞ்சி கேக்கறேன்."